மண் இறங்கும் பக்கம்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசல்களையெல்லாம் நிமி வரைந்து முடித்திருந்தாள்; மண்ணை மட்டும் வரைய முடியவில்லை. ஏலப்பாறையில் காலையிலிருந்து விடாத மழை. பேனாவை எடுப்பாள், டேப்லெட்டைக் கவிழ்த்து வைப்பாள், ஜன்னலுக்குப் போய்ச் சரிவைப் பார்ப்பாள், மறுபடி வந்து உட்காருவாள்.

ஜப்பானில் இருக்கும் ஹிசாயோ என்ற பெண்மணியின் மங்கா படக்கதைகளுக்குப் பின்னணி வரைவது அவள் வேலை. வீடு, மரம், மலை, மழை எல்லாம் இவள் கை. மனிதர்கள் ஹிசாயோவின் கை. உதவியாளர் ஆள் வரையக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஹிசாயோவும் பதினெட்டு வயதில் யாருக்கோ கூரை ஓடுகள் வரைந்துதான் தொடங்கினார். பிறகு அவர் சொந்தமாக எழுதிய இரண்டு தொடர்கள் பாதியில் நின்றன. ஒரு கல்யாணமும் அப்படித்தான். நெட்டில் நிமி போட்டிருந்த லயத்துப் படங்களைப் பார்த்துவிட்டு, மூன்றாவது தொடரைத் தேயிலை மலையில் வைத்தார். இப்போது அதற்கும் வாசகர் ஓட்டு குறைந்துவிட்டது. ஊரையே மண் மூடட்டும், எல்லோரும் சாகட்டும், இல்லையென்றால் இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

"மண்ணுக்காகத்தான் காத்திருக்கிறேன், நிமி," என்று மதியம் அழைத்த ஹிசாயோ அரைகுறை ஆங்கிலத்தில் கெஞ்சினார். அம்மா வயதிலிருக்கும் ஒருவர் தன்னிடம் கெஞ்சியது நிமியை என்னவோ செய்தது.

கொழுந்தெடுக்கப் போன அம்மா கத்தரீனாள் நனைந்து திரும்பினாள். தலையைத் துவட்டிக்கொண்டே மகளின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"ஏட்டி, இது நம்ம கீழ் லயமில்ல?"

"கதைக்குத்தாம்மா. இதுல மண்ணு வந்து விழணும்."

கத்தரீனாளின் தங்கை உருள்பொட்டல் என்கிற மண்சரிவில் போனது அந்தக் கீழ் லயத்தோடுதான். உடல்கூடக் கிடைக்கவில்லை. நிமி படத்தை மறைக்கப் போனாள். கத்தரீனாள் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"உள்ள ஆளு இருக்கா?"

"இருக்காங்க."

"மொதல்ல அதுகள வெளிய எடு. அப்பறமா மண்ணத் தள்ளு."

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அங்கே பாத்திரங்கள் உருளும் சத்தம் ஓயவேயில்லை.

நிமி வரைந்தாள். மண் கறுப்பாக, ஓசையோடு வருவதுபோல் இறங்கியது. அதற்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் வரிசையாக ஏறினார்கள். முகங்களை மட்டும் விட்டுவிட்டாள். ஹிசாயோவுக்கு அனுப்பினாள். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைக்க வரவில்லை.

ஹிசாயோ உடனே அழைத்தார்.

"ஆட்களை வரைந்திருக்கிறாய்."

"ஆமாம்."

"இதைப் போட மாட்டார்கள். தொடர் நின்றுவிடும்."

"தெரியும். இவர்கள் உள்ளே இருக்கும்வரை எனக்கு மண் வரைய வரவில்லை."

ஹிசாயோ தாம் வரைந்துகொண்டிருக்கும் பக்கத்தைத் திரையில் காட்டினார். அதே பக்கம். பேனா முனை வரிசையோடு மெல்ல நகர்ந்து கடைசிப் பெண்ணிடம் நின்றது. புருவம் வந்தது, மூக்கு வந்தது, நெற்றியில் ஒட்டிய ஈர மயிர் வந்தது. அவள் ஏறாமல் கீழே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தரீனாள் எப்போது வந்து நின்றாளோ.

"அவள திரும்பிப் பாக்க விடாண்டாம்னு அந்தம்மாட்டச் சொல்லு," என்றாள். "மேல ஏறட்டும்."

நிமி வாயெடுப்பதற்குள் பேனா முகத்தை விட்டு இறங்கி, அந்தப் பெண்ணின் சேறு படிந்த குதிகாலை மேலே ஏறத் தூக்கி வரைந்துகொண்டிருந்தது.