வலது ஓரம்

கண்டக்டரம்மாவுக்குப் பயம் வந்தது, விமான டிக்கெட் கைக்கு வந்த அன்றைக்குத்தான். அதுவரை சாப்பாட்டு மேசை மேல் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்த வழியா அந்த வழியா என்று புருஷனோடு சண்டை போடுவது நல்ல பொழுதுபோக்காகத்தான் இருந்தது. டிக்கெட்டைப் பார்த்ததும்தான் நிஜமாகவே போகப்போகிறோம் என்று புரிந்தது. ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர், கண்காணாத தேசத்தில், ஒரு கடற்கரையிலிருந்து இன்னொரு கடற்கரை வரைக்கும் சைக்கிள் மிதிப்பதாவது! "இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா?" என்று மகள் கேட்டபோது, "உனக்குப் பொறாமைடி" என்று வாயடித்தது இப்போது உறுத்தியது.

அவர் டிரைவர், அவள் கண்டக்டர். ஒரே டிப்போ, பெரும்பாலும் ஒரே பஸ். கல்யாணமான நாளிலிருந்து ஒரே தடத்தில் போய்ப் போய், திரும்பி வந்து வந்து, அவருக்குச் சலித்துவிட்டது. "போன வழியிலயே திரும்பி வராத ரோடு ஒண்ணுல ஒரு தடவையாவது போகணும்" என்பார். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த மனுஷனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவள் ஒரு விசில் அடித்தால் நிற்பார், இரண்டு அடித்தால் போவார், திரும்பி மட்டும் பார்க்கவே மாட்டார். பஸ்ஸில் சரி. சைக்கிளிலும் அப்படியே என்றால் என்ன செய்வது? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்! விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்னால் வர வேண்டியது அவள் தலையெழுத்து.

பஸ்ஸில் இருந்தபோது அவரைச் சுற்றி இரும்பு இருந்தது. இப்போது ஒரு சட்டைதான் இருக்கிறது. நான் ஒருமுறை தப்பாக ஊதினால் இந்த மனுஷன் அப்படியே போய் விழுவாரே என்ற நினைப்பு அவளை விடவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. டிப்போவே வழியனுப்பத் தயாராகிவிட்டது, எந்த முகத்தோடு சொல்வது?

போகிற நாட்டில் வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகுமாம். அதற்குப் பழக வேண்டுமே என்று, பஸ்கள் வெளியே போனபின் காலியாகக் கிடக்கும் டிப்போ மைதானத்தில், வாரம் முழுக்கச் சுமைப் பைகளோடு வலது ஓரமாகவே சுற்றினார்கள். அவள்தான் வாத்தியார்.

"சந்தேகம் வந்தா என்ன செய்யணும்?"

"வலது ஓரம்."

"பயம் வந்தா?"

"வலது ஓரம், தாயே! தூக்கத்துலகூட வலது பக்கமாத்தான் புரள்றேன்."

கடைசி நாள் பயிற்சி முடிந்து டிப்போ கேட்டைத் தாண்டினார்கள். வீடு இடது கைப்பக்கம். அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். ரோடு காலி. இரண்டு விசில் அடித்தாள். அவர் நேராக ரோட்டின் எதிர்ப்பக்கம் போய், அந்த ஓரத்தோடு ஒட்டி இடது பக்கம் திரும்பினார். அவளும் பின்னாலேயே போனாள். என்ன அழகாகப் பழகிவிட்டோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

வளைவில் பஸ் ஒன்று திரும்பியது. அதன் முகம் நேராக அவர்களைப் பார்த்து வந்தது.

அப்போதுதான் உறைத்தது. இது நம்ம ஊர் ரோடு!

விசில் வாயில் இருந்தது. ஒன்று ஊதினால் பஸ்ஸின் பாதையிலேயே நின்றுவிடுவார். இரண்டு ஊதினால் இன்னும் வேகமாகப் போவார். இவ்வளவு வருஷத்தில் மூன்றாவதாக ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. பஸ்ஸைப் பார்த்துவிட்ட அவர் பயந்து, அவள் சொல்லிக்கொடுத்தபடியே இன்னும் வலது ஓரமாக, சுவரோடு சுவராக ஒண்டினார். பஸ்ஸும் அந்த ஓரத்தில்தான் வந்தது. விசிலைத் துப்பிவிட்டு அவள் கத்தினாள்.

"இடது பக்கம்! ஐயோ, இடது பக்கங்க!"

ஹேண்டிலை வெட்டித் திருப்பினார். பின் சக்கரத்துப் பைகளின் கனம் இழுக்க, நடுரோட்டைத் தாண்டிப் போய்க் குப்புற விழுந்தார். பஸ் கிறீச்சிட்டு, அவர் விட்டுப்போன இடத்தில் வந்து நின்றது.

அந்த பஸ்ஸின் டிரைவர் இறங்கினார். டிப்போவில் அவருக்கு 'மிளகாய்' என்று பெயர், வாயைத் திறந்தால் காரம். இன்றைக்குக் காரமெல்லாம் எங்கோ போயிருந்தது. "உங்களைப் போய் என் கையால..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் தண்ணீர் கொடுத்து, சிராய்ப்பைத் துடைத்துவிட்டு, பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

புருஷனும் பெண்டாட்டியும் ரோட்டோரம் உட்கார்ந்தார்கள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"எனக்குப் பயமா இருக்குங்க. டிக்கெட் வந்த நாள்லேருந்து பயம்தான். என் விசில நம்பி நீங்க போறீங்க. நான்தான் உங்களைக் கொல்லப்போறேன்னு தோணுது."

"ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்றது? நீங்கதான் திரும்பியே பாக்கறதில்லையே!"

அவர் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"பஸ்ல திரும்பாதது பழக்கம். சைக்கிள்ல அப்படி இல்ல" என்றார். "திரும்பிப் பாத்து, நீ பின்னால இல்லேன்னா? எங்கயாவது விழுந்து கிடந்தா? அதப் பாக்கற தைரியம் எனக்கு இல்ல. விசில் சத்தம் கேட்டா, சரி, அவ இருக்கான்னு மிதிப்பேன். அது போன்னு சொல்லுதா நில்லுன்னு சொல்லுதாங்கறதெல்லாம் எனக்கு அப்புறம்தான்."

இவ்வளவு வருஷமாக இந்த மனுஷனைத் துணிச்சல்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே!

"டிக்கெட்ட வேணாம்னு சொல்லிடலாமா?" என்று அவரே கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பதில் மட்டும் வேறாக வந்தது. "போலாம். ஆனா இனிமே திரும்பிப் பாக்கணும். எப்பவும்."

சைக்கிள்களை உருட்டிக்கொண்டு, சரியான பக்கமாக, முன்னும் பின்னுமாக நடந்தார்கள். முதல் சந்தில் அவர் நின்றார். கழுத்தை மெல்லத் திருப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு அவள் இருக்கிறாளா என்று பார்த்தார். அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.