மில்வாஷ் மேட்டில் புஷ்பவதி

புஷ்பவதி பிரெஞ்சு படித்தது வகுப்பில் அல்ல. மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடங்களாக வேலை செய்துகொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்குப் போய் அங்கிருப்பவர்களை எழுப்பி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டி, கைபிடித்து நடக்க வைக்கிற வேலை. கியூபெக்கில் அந்த வேலைக்கு ‘பிரெபோசே’ என்று பெயர். இல்லத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் கியூபெக் கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் வாயில் கேட்டதே அவளுடைய பிரெஞ்சு. பசி, கோபம், கால்வலி, காணாமல்போன செருப்பு, செத்துப்போன புருஷன் எல்லாவற்றையும் பற்றி அவளால் அந்த மொழியில் பேச முடியும். இலக்கணம் மட்டும் கொஞ்சம் நொண்டும்.

2006இல் அவளுக்கு ஐம்பது வயதானது. அந்த வருடம் விடுமுறைக்கு எங்காவது ஊர் பார்க்கப் போக வேண்டும் என்று முடிவெடுத்தாள். எங்கே என்பதை இல்லத்தில் கிடந்த ஒரு பழைய சஞ்சிகை தீர்மானித்தது. ஊதாப் பூ மூடிய ஒரு மேடு, கருங்கல் வீடு, செம்மண் நிறத்தில் நாலைந்து மாடுகள். படத்தின் கீழே ‘மில்வாஷ், பிரான்ஸ்’ என்று இருந்தது. ஆயிரம் பசு என்று அதற்குப் பொருள் கொண்டு அவள் தனியே சிரித்தாள். அவள் கணவன் நகுலேஸ்வரனுக்கு முதுகுவலி. அத்தனை மணி நேரம் விமானத்தில் குந்தியிருக்க அவனால் முடியாது. “நீ போய்ப் பாத்துட்டு வா புஷ்பம். வந்து எனக்குச் சொல்லு” என்றான்.

பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நெவில் இருந்த தன் அண்ணன் இரவிச்சந்திரனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“மில்வாஷா? அது எங்க கிடக்கு?”

“க்ரெஸ் மாவட்டத்தில அண்ணன். உங்கட நாட்டிலதான்.”

“இருவத்தொரு வருசமா இஞ்ச இரிக்கன். க்ரெஸுக்கு ஒருத்தரும் போறல்ல புள்ள. அங்க மாட்டையும் மழையையும் தவிர ஒண்டுமில்ல.”

“அதப் பாக்கத்தான் வாறன்.”

அண்ணன் முனகினார். ஆனாலும் ஐந்து நாள் லீவு எடுத்தார். தங்கச்சியைத் தனியே விட அவருக்கு மனம் வரவில்லை. அதோடு, அவர் இல்லாமல் யார் அவளுக்காகப் பேசுவது? லா கூர்நெவில் தமிழர்கள் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். பாரிஸ்காரர்களைப் போலவே பேசுவார் என்ற பேர் அவருக்கு இருந்தது. அந்தப் பேரை அவர் கவனமாகக் காப்பாற்றி வந்தார்.

செப்டம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை அண்ணன், அவர் மனைவி செல்வமலர், புஷ்பவதி மூவரும் லா கூர்நெவிலிருந்து காரில் தெற்கே புறப்பட்டார்கள். வழியில் பெற்றோல் நிலையம் ஒன்றில் அண்ணன் உள்ளே போயிருந்த நேரம், அங்கே நின்ற ஒரு பெண்ணிடம் புஷ்பவதி காரை எங்கே நிறுத்தலாம் என்று கேட்டாள். மொன்றியலில் காரை ‘ஷார்’ என்பார்கள். பிரான்சில் அந்தச் சொல்லைக் கேட்டால் யுத்த டாங்கிதான் நினைவுக்கு வரும். “டாங்கியிலயா வந்தீங்கள்?” என்று அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பி வந்த அண்ணனின் முகம் கறுத்துவிட்டது.

“இஞ்ச பார் புள்ள. நீ வாயத் திறக்காத. எல்லாம் நான் கதைக்கன்.”

“பாவம், விடுங்க” என்றாள் செல்வமலர்.

புஷ்பவதி காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். அந்தப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு எத்தனை பேரைச் சாப்பிட வைத்திருக்கிறாள், எத்தனை பேர் கண்ணை மூடும்போது பக்கத்தில் இருந்திருக்கிறாள். அதை வெட்கப்படுகிற சாமானாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

பின்னேரம் தங்கப்போகிற வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு பண்ணையின் ஓரத்தில், விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற கருங்கல் வீடு. சுற்றிலும் ஒன்பதோ பத்தோ வீடுகள். அதில் பாதி பூட்டியிருந்தன. வீட்டுக்காரி யோசெப்பினுக்கு எழுபது வயதிருக்கும், வாட்டசாட்டமான மனுஷி. முற்றத்து மர வாங்கில் அவள் கணவர் மார்செல் குந்தியிருந்தார். எண்பதைத் தாண்டியவர். வந்தவர்களுக்கு மூன்றுமுறை வணக்கம் சொன்னார். ஒவ்வொரு முறையும் அது முதல்முறை. அவர் எழுந்து நடந்தபோது இடதுகால் இழுபட்டதைப் புஷ்பவதி கண்டாள்.

அண்ணன் தன் அழகான பிரெஞ்சில் எல்லாரையும் அறிமுகப்படுத்தினார். “இது என் தங்கை. கனடாவில் நேர்ஸ்” என்றார். புஷ்பவதி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை.

யோசெப்பின் வீட்டுத் திறப்பைக் கொடுத்து, கோழிகள் உள்ளே வந்துவிடும், வெளியே போகும்போது கதவை ‘பாரே’ பண்ணிவிட்டுப் போங்கள் என்றாள். அண்ணனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. மன்னிக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். புஷ்பவதிக்குச் சிரிப்பு வந்தது. அவள் இல்லத்தில் தினமும் கேட்கிற சொல் அது. கதவைப் பூட்டுவதை அங்கேயும் அப்படித்தான் சொல்வார்கள்.

“சரி மதாம், நான் பாரே பண்ணுறன்” என்று தன் பிரெஞ்சில் சொன்னாள்.

யோசெப்பின் முதல்தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். “ஏழு மணிக்கு சூப்பே. எங்களோட வந்து சாப்பிடுங்கள்” என்றாள்.

அவள் போனதும் அண்ணன் மெதுவாகக் கேட்டார். “சூப் மட்டுமா தரப்போறா?”

“இல்ல அண்ணன். அது இராச் சாப்பாடு. எங்கட கியூபெக் ஆக்களும் அப்பிடித்தான் சொல்லுவாங்க.”

“பாரிசில அப்பிடிச் சொல்றல்ல.”

“இது பாரிஸ் இல்லையே” என்றாள் செல்வமலர்.

அடுத்த இரண்டு நாளும் அவர்கள் அந்த மேட்டைச் சுற்றினார்கள். படத்தில் இருந்ததைவிட அது பெரியதாகவும் ஆளரவம் இல்லாததாகவும் இருந்தது. மணிக்கணக்காகப் போனாலும் எதிரே வாகனம் வராத வீதிகள். கறுத்த தண்ணீரோடு சின்னச் சின்னக் குளங்கள். ஊதாப் பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு கிராமத்திலும் யுத்தத்தில் இறந்தவர்களின் பெயர் வெட்டிய ஒரு கல் நின்றது. சில கல்லில் இருந்த பெயர்கள் அந்த ஊரில் இப்போது இருக்கிற ஆட்களைவிட அதிகம். புஷ்பவதி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று எல்லாப் பெயரையும் வாசித்தாள். மாடுகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தன.

திங்கட்கிழமை பலசரக்கு விற்கிற வான் ஒன்று கோனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. ஐந்து கிழவிகள் கூடையோடு வெளியே வந்தார்கள். அண்ணன் முன்னால் போய் மரியாதையாக விலை விசாரித்தார். அவர்களும் மரியாதையாக ஒரு சொல்லில் பதில் சொன்னார்கள். புஷ்பவதி உருளைக்கிழங்கைக் காட்டி, “இந்தப் பத்தாத் அவிச்சா மாவா வருமா, கட்டியா இருக்குமா?” என்று கேட்டாள். உடனே ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். எது பொரியலுக்கு, எது மாவுக்குள் வைத்துச் சுடுகிற அப்பத்துக்கு, யாருடைய தோட்டத்துக் கிழங்கு நல்லது என்று அரை மணி நேரம் போயிற்று. ஒரு கிழவி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, “நீ என் அம்மாவைப்போல பேசுகிறாய்” என்றாள். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலேகாலுக்கு யோசெப்பின் முற்றத்தில் நின்று கத்துகிற சத்தம் கேட்டது. மார்செலைக் காணவில்லை. வாங்கில் இருந்தவர், அவள் உடுப்புக் காயப்போட்டுவிட்டு வருவதற்குள் போய்விட்டார். மேட்டிலிருந்து பனிப்புகார் இறங்கத் தொடங்கியிருந்தது. அயலவர் இருவர் கார் எடுத்துக்கொண்டு வீதி வழியாகத் தேடப் போனார்கள். அண்ணன் பொலிசுக்கு அறிவித்தார். யோசெப்பின் குளத்துப் பக்கம் ஓடப் பார்த்தாள். புஷ்பவதி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“மதாம், இந்த நேரத்தில அவர் முந்தி என்ன வேலை செய்வார்?”

“இப்ப அதா முக்கியம்?”

“அதுதான் முக்கியம். இவங்க சும்மா அலையிறதில்ல. எங்கயோ வேலைக்குப் போறாங்க.”

யோசெப்பின் கண்ணை மூடி யோசித்தாள். “பால். நாலு மணிக்குப் பால் வாளிகளை வண்டியில வச்சு நாற்சந்திக்குத் தள்ளிக்கொண்டு போவார். நாலரைக்கு லொறி வரும். அது முப்பது வருசத்துக்கு முந்தின கதை. அந்தப் பாதையும் இப்ப இல்லை. மரம் நட்டு மூடிப்போச்சு.”

“எங்களுக்குத்தான் இல்ல மதாம். அவருக்கு இருக்கும்.”

யோசெப்பின் கை நீட்டிய திசையில், தொழுவத்துக்குப் பின்னால், ஊசியிலை மரங்களுக்குள்ளே புஷ்பவதி இறங்கினாள். அண்ணனும் பின்னால் வந்தார். வரிசையாக நட்ட மரங்களுக்கிடையே பழைய பாதையின் கல் அங்கங்கே தெரிந்தது. ஈர மண்ணில் ஒரு சப்பாத்துத் தடம், பக்கத்தில் இழுபட்ட கோடு ஒன்று. இடதுகால். புஷ்பவதி நடையைக் கூட்டினாள்.

கால் மணி நேரத்தில் மரங்கள் முடிந்தன. நாற்சந்தியில், பாசி பிடித்த கருங்கல் மேடை ஒன்றின் மேல் மார்செல் குந்தியிருந்தார். முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் ஒரு தடியோடு வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஓடிப்போனார். “ஐயா, உங்கள் மனைவி பதறிக்கொண்டு தேடுகிறார். தயவுசெய்து வீட்டுக்கு வாருங்கள்.” இலக்கணம் பிசகாத பிரெஞ்சு. மார்செல் தடியை ஓங்கிக்கொண்டு எழும்பினார். அண்ணன் பின்வாங்கினார்.

“நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணன்” என்றாள் புஷ்பவதி. போய்க் கல்லில் கிழவருக்கு இடதுபக்கமாகக் குந்தினாள். அவளும் வீதியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “லொறி பிந்திப்போச்சு” என்றாள்.

“பிந்திப்போச்சுத்தான்” என்றார் மார்செல் கோபமாக. “இவன் எப்பவும் இப்படித்தான்.”

“எத்தின வாளி?”

“ஆறு.”

“நிழல்ல வச்சாப் பால் கெடாது. யோசெப்பின் சூப்பே வச்சிட்டா. பத்தாத் அப்பம். ஆறினா நல்லா இராது.”

கிழவர் தடியைத் தாழ்த்தினார். அவளைத் திரும்பிப் பார்த்தார். “நீ பால் கொம்பனி ஆளா?”

“இல்ல. நான் மொன்றியல்.”

“அது தூரம். நடந்தா வந்தாய்?”

“இஞ்ச வரைக்கும் நடந்துதான் வந்தன்.”

அது அவருக்குப் பிடித்துவிட்டது. சிரித்தார். அவள் தன் ஜக்கெற்றைக் கழற்றி அவர் தோளில் போட்டு, இடதுபக்கம் முழங்கைக்குக் கீழே கைகொடுத்தாள். அவர் எழும்பினார். மழைக்குப் பழுதாகும் வைக்கோலைப் பற்றியும் பிந்தி வருகிற லொறிக்காரனைப் பற்றியும் பேசிக்கொண்டே இருவரும் வீதி வழியாக மெல்ல நடந்தார்கள். அண்ணன் பின்னால் வந்தார். அவர் வாயே திறக்கவில்லை.

முற்றத்தில் யோசெப்பின் கணவரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். பொலிஸ் வந்திருந்தது. இளம் பொலிஸ்காரன் ஒருவன் குறிப்பேட்டைத் திறந்து அண்ணனிடம் போனான். “கண்டுபிடித்தது நீங்களா?”

அண்ணன் புஷ்பவதியைக் காட்டினார். “இல்லை. என் தங்கை. அவளிடமே கேளுங்கள். அவள் நன்றாகப் பேசுவாள்.”

புஷ்பவதி தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பிறந்த இடம் மட்டக்களப்பு. இருப்பிடம் மொன்றியல். “தொழில்?” என்று பொலிஸ்காரன் கேட்டபோது, “நேர்ஸ்தானே” என்று அயலவர் ஒருவர் இடையில் சொன்னார்.

“இல்ல” என்றாள் புஷ்பவதி. அவள் குரல் முற்றம் முழுதும் கேட்டது. “நான் பிரெபோசே. வயசானவங்களக் குளிப்பாட்டுறன், சாப்பாடு குடுக்கிறன், அவங்களோட நடக்கிறன். பதினாலு வருசமா.”

பொலிஸ்காரன் பேனாவை நிறுத்தினான். “அப்படியொரு தொழில் எங்களிடம் இல்லையே. வேறென்ன எழுதலாம்?”

“அவள் சொன்னதை எழுது” என்றாள் யோசெப்பின்.

அவன் எழுதினான். சரியாக எழுதுகிறானா என்று புஷ்பவதி எட்டிப் பார்த்தாள்.

சூப்பேயின்போது மார்செலுக்கு நடந்தது எதுவும் நினைவில்லை. நன்றாகச் சாப்பிட்டார். அண்ணன் அப்பத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் தமிழில் சொன்னார். “நேர்ஸ் எண்டு சொன்னது உன்னப் பெருமைப்படுத்த எண்டு நினைச்சன் புள்ள.”

“தெரியும் அண்ணன்.”

“எனக்கு அந்தாளத் தூக்கவும் தெரியல்ல, கதைக்கவும் தெரியல்ல.”

“நீங்க பொலிசுக்கு எடுத்துச் சொன்னதும் வேணும்தானே. சாப்பிடுங்க, ஆறுது.”

செல்வமலர் புஷ்பவதியின் தட்டில் இன்னொரு துண்டு அப்பத்தை வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மொன்றியலில், டோர்வல் விமான நிலையத்தில் நீண்ட வரிசை. கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த அதிகாரி அவளுடைய கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே பிரெஞ்சில் கேட்டான்.

“பாரிசா?”

“இல்ல. மில்வாஷ்.”

“எங்கே?”

புஷ்பவதி கைப்பையை மேசையில் வைத்தாள். க்ரெஸ் மாவட்டம் எங்கே இருக்கிறது, பாரிசிலிருந்து எத்தனை மணி நேரம், மேடு எப்படி இருக்கும், அங்கே உருளைக்கிழங்கை எப்படி மாவுக்குள் வைத்துச் சுடுவார்கள், ஊதாப் பூப் பார்ப்பதென்றால் ஓகஸ்ட் மாதத்திலேயே போய்விட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவள் அவசரப்படவில்லை. அதிகாரி முத்திரையைக் கையில் பிடித்தபடி, குத்த மறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.