சித்திக்கு ஒரு கார்டு

கத்தரிக்கோல் என் கைக்கு அடங்கவில்லை. மூன்றாவது அட்டையும் கோணலாகப் போனது. தூக்கி எறிந்தேன்.

“மெதுவாக்கா. அந்த அட்டை உன்னை என்ன பண்ணிச்சு?” என்றான் தம்பி.

அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நான் முள்மேல் உட்கார்ந்ததுபோல் எழுவதும் உட்காருவதுமாக இருந்தேன். அவனோ ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்து ஒரே சீராக மடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக வந்தது.

சித்தி இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. நாளை அவள் வேலை பார்த்த துணிக்கடைக்காரர்களும் தெருக்காரர்களும் வீட்டுக்கு வருகிறார்கள். ஆளுக்கொரு நினைவு கார்டு, கையால் செய்தது, கொடுக்க வேண்டும் என்பது தம்பியின் பிடிவாதம். அச்சகத்தில் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. சொன்னால் கேட்டால்தானே! அட்டைகூட அந்தத் துணிக்கடையிலிருந்து வந்ததுதான். புதுச் சட்டை விறைப்பாக நிற்க உள்ளே ஓர் அட்டை வைப்பார்களே, அது. வாங்க வந்தவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போன சட்டைகளைத் திரும்ப அட்டை வைத்து, குண்டூசி குத்தி, புதுசுபோல் மடித்து அடுக்குவது சித்தியின் வேலை. வீட்டில் எங்கள் சட்டைகளையும் அப்படியே மடிப்பாள். கைப்பழக்கத்தில் குண்டூசியையும் குத்திவிடுவாள். பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு நானும் தம்பியும் “சித்தீ!” என்று அலறுவோம்.

ஆமாம், தம்பியும்தான். எனக்கு அவள் சித்தி, அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள். என்னைப் பெற்றவளின் முகம்கூட எனக்கு நினைவில்லை. தம்பி, சித்தி பெற்ற பிள்ளை. பேச்சு வந்த வயதில் நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவனும் சித்தி என்றே கூப்பிட்டான். அப்பா திருத்திப் பார்த்தார், அவன் வாய் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, “இவங்க உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டபோது நான் சித்தி என்றேன். அவனும் சித்தி என்றான். “சொந்தப் பிள்ளைங்க யாருமே எட்டிப் பாக்கலையா?” என்று நர்ஸம்மா முகம் சுளித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சித்திக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

நாலாவது அட்டையை எடுக்கக் குனிந்தபோது தம்பி எழுதுவதைப் பார்த்தேன். கார்டின் நடுவே, பென்சிலால், ‘அம்மா’.

“என்னடா இது புதுசா?”

“புதுசு என்ன? என்னைப் பெத்தவங்கதானே?”

சுருக்கென்றது. இத்தனை வருஷம் இரண்டு பேருக்கும் அவள் ஒரே சித்தி. இவன் இப்போது அம்மா என்று எழுதிவிட்டால் அவன் மகன் ஆகிவிடுவான், நான் மூத்தாள் மகளாக மட்டும் மிஞ்சுவேன். எனக்கு இருந்த பயம் இவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“பசை தீந்துபோச்சு” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

தெருமுனைக் கடைக்காரர் சித்தியைவிடப் பத்து வயதாவது பெரியவர். பசை டப்பாவை எடுத்துக் கொடுத்தபடியே, “சித்தி கார்டுக்காம்மா? எனக்கும் ஒண்ணு எடுத்து வை” என்றார். பக்கத்துக் கடைத் தையல்காரரும் அதையேதான் சொன்னார். அவளைத் தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. துணிக்கடை முதலாளிக்குக்கூட அவள் சித்திதான். எனக்குத் தெம்பு வந்தது. கையில் டப்பாவோடு வேகவேகமாக வீட்டுக்குத் திரும்பினேன்.

“கேட்டுக்கோ. தெருவே சித்தின்னுதான் சொல்லுது. அம்மான்னு போட்டா, யாரு செத்ததுன்னு கேப்பாங்க!”

தம்பி பென்சிலைக் கீழே வைத்தான்.

“அதான்க்கா எனக்கு ஆற மாட்டேங்குது. ஊருக்கே சித்தியா இருந்துட்டுப் போயிட்டாங்க. ஒரு ஆள்கூட அம்மான்னு கூப்பிடல. நான் ஒருத்தனாவது எழுதிட்டுப் போறேனே.”

அவன் என்னைத் தள்ளிவைக்கப் பார்க்கிறான் என்று நினைத்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“ஒருத்தன் எதுக்குடா?” என்றேன். பென்சிலை எடுத்து அவனிடம் நீட்டினேன். “முன்னாடி ‘எங்கள்’னு சேத்து எழுது.”

“நிஜமாவாக்கா?”

“எழுதுன்னா எழுதேன். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதே.”

எழுதினான். எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கையில வருது. வாயில வர மாட்டேங்குதுக்கா.”

“கூப்பிட்டுத்தான் பாரேன்.”

“நீயும் கூப்பிடு.”

இரண்டு பேரும் சமையலறைப் பக்கம் திரும்பி, “அம்மா” என்றோம். கூப்பிட்டுவிட்டு, பழக்க தோஷத்தில், பதிலுக்குக் காத்திருந்தோம்.