தொடாத கோடு

மனோர் பார்க் மண்டபத்தில் கவியரங்கம் தொடங்குவதற்கு முன்பே வசந்தமலருக்குத் தலை கொதித்துவிட்டது. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர் கையில் கிடைத்ததும் தன் கவிதையைத்தான் முதலில் புரட்டினாள். கடைசி வரி அவள் எழுதியது அல்ல.

லண்டன் தமிழ் மேடைகளில் அவளுக்குக் காதல் கவிஞர் என்றே பெயர். மழை, ரயில், பிரிவு என்று எழுதிக் கைதட்டல் வாங்கியவள், போன வருசம் மகளுடைய பள்ளி இறுதி ஏ லெவல் கணிதப் புத்தகத்தைச் சும்மா திறந்தாள். அன்றோடு பிடித்தது பைத்தியம். ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸிலும் வளைகோடு வரைந்துகொண்டிருந்தாள். ஒரு நேர்கோட்டை நெருங்கி நெருங்கியே போகும் வளைகோடு, உலகம் உள்ளவரை போனாலும் அதைத் தொடாது என்று விளங்கியபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தக் காதலும் அவளை அப்படி உலுக்கியதில்லை. அதைத்தான் எழுதினாள். 'எவ்வளவு நெருங்கினும் தொடவே இல்லை' என்று முடித்திருந்தாள். மலரிலோ 'ஈற்றில் இரண்டும் இணைந்தன' என்று இருந்தது.

அரங்கத் தலைவர் ஞானேஸ்வரன் மேடையோரம் சால்வையைச் சரிசெய்துகொண்டு நின்றார். மலரின் ஆசிரியரும் அவரே.

"அண்ணை, என்ர கடைசி வரியை ஆர் மாத்தினது?"

"நான்தான் தங்கச்சி. தொடவே இல்லை எண்டு முடிச்சா, உமக்கும் உம்மட மனுசன் குகதாசனுக்கும் ஏதோ பிரச்சினை எண்டு சனம் கதைக்கும். உம்மட நன்மைக்குத்தான்."

"அது என்ர மனுசனைப் பற்றி இல்லை அண்ணை. கணக்கு! அந்தக் கோடு தொடாது. தொட்டா அது பொய்."

"உம்மட்ட ஆர் கணக்குக் கேட்டது? மலரில இருக்கிறபடி வாசியும்."

நன்மையாம்! ஆண்கள் நிலவைப் பாடினால் அது நிலவு. அவள் கோட்டைப் பாடினால் அது புருசன். இவ்வளவு காலமும் தன் ஒவ்வொரு வரிக்குள்ளும் இந்தச் சனம் குகதாசனைத்தான் தேடியிருக்கிறது என்று நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடுத்து, எங்கட காதல் குயில்!" என்று அழைத்தார் தலைவர். அவள் வாசித்தாள். சபை மலரை விரித்து வரிக்கு வரி கூடவே பார்த்தது. கடைசியில் அவள் நிமிர்ந்து, தான் எழுதிய வரியையே சொன்னாள்.

சலசலப்பு எழுந்தது. தலைவர் மைக்கை இழுத்தார். "தங்கச்சி உணர்ச்சிவசப்பட்டு வரியை மறந்திட்டா. ஈற்றில் இரண்டும் இணைந்தன! குகதாசன், வீட்டை போய் ஆளைக் கொஞ்சம் சமாதானப்படுத்தும்."

மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த அவள் கணவன் குகதாசனும் சேர்ந்து சிரித்தான். கவிதை எதைப் பற்றியது என்று வீட்டில் அவனுக்குப் படம் கீறியே காட்டியிருந்தாள்.

கவியரங்கில் ஒரு வரி பிடித்துப்போனால் சபைதான் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கும். கேட்காமல் எந்தக் கவிஞரும் சொல்வதில்லை. வசந்தமலர் மைக்கை விட்டு நகரவில்லை.

"ஒருத்தரும் கேக்கேல்லை. எண்டாலும் திரும்பச் சொல்லுறன்" என்றவள், கணவனின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எவ்வளவு நெருங்கினும் தொடவே இல்லை."

குகதாசனின் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த முறை அவள் சொன்னது அவனைத்தான்.