ஊதாப் பெட்ரோல்

அந்த மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தபோது ஜஸ்டினா வீபுக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். காரில் அவளுடைய மகன் மெர்வினும் இருந்தான். இன்ஜின் படம் போட்ட அந்த விளக்கைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

பெட்ரோல் போட்டுவிட்டு மூடியைச் சரியாக மூட மறக்கிறாள், அதனால்தான் எரிகிறது என்பது அவன் கட்சி. வயசானால் மறதி வரத்தான் செய்யும் என்று முதலில் நயமாகச் சொன்னான். அப்புறம் நேராகவே சொல்லிவிட்டான்.

"அம்மா, இன்னொரு தடவை இது எரிஞ்சா சாவியை நான் எடுத்துக்குவேன். கோவிச்சுக்காதீங்க."

கனடாவில், மனிடோபாவின் அந்தப் பனிக்காட்டில் கார் இல்லாவிட்டால் தேவாலயம் இல்லை, கடை இல்லை, பேச ஆளும் இல்லை. சாவி போனால் நகரத்து முதியோர் விடுதிதான். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

மறுநாளே காரை மெக்கானிக் ஓரெஸ்ட்டின் பட்டறைக்கு ஓட்டிப் போனாள். அவன் கருவியைச் செருகிப் பார்த்தான். பெட்ரோல் ஆவி கசிகிறது என்று காட்டியது. மூடியைக் கழற்றிப் பார்த்தான். ரப்பர் புதிது போல இருந்தது.

"மூடியில ஒண்ணுமில்ல. இன்ஜின் ஓடும்போதே யாரோ திறந்து பெட்ரோல் போட்டிருக்காங்க. மூடும்போது டிக் டிக்னு சத்தம் வர்ற வரைக்கும் திருகவும் இல்ல. நம்ம ஊர் குளிர்ல யார்தான் அணைச்சுட்டுப் போடறாங்க, சொல்லுங்க?" என்றவன், குனிந்து டேங்க் வாயை விரலால் துடைத்துப் பார்த்துச் சிரித்தான். "அது சரி, ஊதாப் பெட்ரோல் எங்கிருந்து கிடைச்சுது உங்களுக்கு? போலீஸ்காரன் பார்த்தா தீட்டிடுவான்."

விரலில் ஊதா நிறம். டிராக்டருக்கென்று வரியில்லாமல், சாயம் கலந்து விற்கிற பெட்ரோல் அது; காரில் ஊற்றக் கூடாது. அவள் வீட்டு முற்றத்தில் அதற்கென்று ஒரு பெரிய தொட்டி இருந்தது உண்மைதான். கணவன் கார்னி இறந்ததும், இலையுதிர் காலத்திலேயே அதை விற்று, லாரியில் ஏற்றியும் அனுப்பிவிட்டாள்.

கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டீர்கள் என்று ஓரெஸ்ட் கேட்டான். ஜஸ்டினா யோசித்துப் பார்த்தாள். பனி விழத் தொடங்கியபின் பெட்ரோல் பங்கில் நின்றதாகவே நினைவில்லை. மெர்வின் சொல்வது நிஜம்தானோ? திரும்பும் வழியில் பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள். டேங்க் நிறைந்திருந்தது.

குளிர்காலத்தில் பாதிக்குக் கீழே முள்ளை இறங்கவே விடமாட்டான் கார்னி. காலையில் கார் சூடாகிக்கொண்டிருக்கும்போதே தொட்டிக் குழாயை இழுத்து வந்து நிரப்புவான். அவன் பழகியது பழைய வண்டிகளில். அவற்றின் மூடி சத்தம் போடாது. ஒரு திருகு திருகிவிட்டு வந்துவிடுவான்.

அடுத்த நாள் காலை, சமையலறையில் இருந்தபடியே சாவியிலுள்ள பொத்தானை அழுத்திக் காரைக் கிளப்பிவிட்டு ஜன்னலோரம் நின்றாள். புகை எழுந்து காரின் பின்பக்கத்தை மறைத்தது. புகை விலகியபோது பெட்ரோல் கதவு திறந்து கிடந்தது. மூடி ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். அந்தப் பக்கத்துப் பனியில் ஒரு காலடியும் இல்லை. ஊதாத் துளிகள் மட்டும், அப்போதுதான் சிந்தியவை.  அந்தப் பயத்திலும் வாயில் வந்தது, காலமெல்லாம் வந்த அதே குரல்.

"கார்னி, சத்தம் வர்ற வரைக்கும் திருகித் தொலையேன். உன்னால என் சாவி போகப் போகுது."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தட்டு சரியாகக் கழுவவில்லை என்று கல்யாணமான புதிதில் ஒரு முறை சொல்லப்போக, சாகும்வரை ஒரு தட்டைத் தொடாத மனுஷன் அவன்.

பயந்தபடியேதான் நடந்தது; கார்னி அப்புறம் பெட்ரோல் போட வரவில்லை. ஓரெஸ்ட் அணைத்துவிட்ட விளக்கு மறுபடி எரியவில்லை. மெர்வின் வந்து பார்த்துவிட்டு, இப்போது கவனமாக இருக்கிறீர்கள் என்று மெச்சினான். யாரிடம் சொல்வாள்? செத்தவன் வந்து பெட்ரோல் போட்டான் என்றால் மெர்வின் சாவியோடு அவளையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுவான். முள் நாளுக்கு நாள் இறங்கியது. பாதிக்குக் கீழே அது போன அன்று, கார்னி இறந்த அன்று அழாத அழுகையை அழுதாள்.

விடிந்ததும் காரைக் கிளப்பினாள். போய்த் தன் கையாலேயே மூடியைக் கழற்றித் தொங்கவிட்டாள். இதனாலேயே விளக்கு எரியலாம். மெர்வின் சாவியைக் கேட்டால் கொடுத்துவிடலாம். உள்ளே வந்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

வெகுநேரம் இன்ஜின் சத்தம் மட்டுமே. அப்புறம் டிக் என்றது. டிக், டிக். ஓரெஸ்ட் சொன்ன சத்தம் வந்தாயிற்று, ஆனாலும் நிற்கவில்லை. வீம்புக்கென்றே, விடாமல், சத்தமாகத் திருகிக்கொண்டே இருந்தது.

அவன் கோபம் இன்னும் தீரவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. இன்னொரு கோப்பையையும் எடுத்து வைத்துக் காபியை ஊற்றினாள்.