பல்லவிக்கு முன்னால்

பாட்டைப் பதிவு செய்கிற வேலையில் பாதி, மூச்சை வெட்டுவதுதான். வரிக்கு முன்னால் பாடுகிறவர் இழுக்கிற மூச்சையெல்லாம், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி எறிவேன். பாட வந்திருந்த மூன்று சகோதரிகளில் கடைக்குட்டியோடு எனக்கு வந்த சண்டையே அதனால்தான். அவள் மூச்சு இழுத்தால் மைக்கே உள்ளே போய்விடும் போலிருக்கும். கடுகடுவென்று சொல்லியும் பார்த்தேன், திருந்தவில்லை.

அவர்களுடைய முதல் பாட்டு அது. பதிவான மறுநாள் தயாரிப்பாளர் அதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பெரியவளும் நடுவளும் போதும். மூணாவது ஒப்புக்குச் சப்பாணி, குரலே தனியாத் தெரியல. பல்லவிய ரெண்டு பேர வெச்சு மறுபடி எடுங்க. நல்லா வந்துட்டா குழுவுல இனிமே ரெண்டு பேர்தான்."

கடைக்குட்டி ஹெட்போனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டு, வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் சம்பளம் கொடுப்பவர் சொல்கிறார். பொத்தானை அழுத்தினேன்.

அக்காக்கள் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்கள். பெரியவள் மயிரிழை முந்தினாள். மறுபடி எடுத்தோம், இப்போது நடுவள் முந்தினாள். காதுக்குள் தாளம் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருக்கும்போது இது எப்படி நடக்கும்? எத்தனை முறை எடுத்தும் இதே கதை.

"நேத்து ஊசி நுழைய இடமில்லாம ஒண்ணாப் பாடினீங்களே, இன்னைக்கு என்ன கேடு?" என்று எரிந்து விழுந்தேன்.

"தெரியல அண்ணா," என்றாள் பெரியவள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

நேற்றைய பதிவைத் திறந்தேன். ஆளுக்கொரு மைக் என்பதால் ஒவ்வொருத்தியையும் தனியாகக் கேட்கலாம். பல்லவிக்கு முந்தின இடத்தில் சத்தத்தைக் கூட்டினேன். முதலில் கடைக்குட்டியின் மூச்சு. அதைப் பிடித்துக்கொண்டு அக்காக்கள் இருவரின் மூச்சும் ஒன்றாக. பிறகு மூன்று குரலும் ஒரே நொடியில். அடுத்த வரியிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே.

காதை வைத்துப் பிழைக்கிற நான் இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. இதைத்தான் வெட்டி எறிய இருந்தேன்.

பாடுகிற சத்தத்தை அடைத்துவிட்டு, மூச்சுகளை மட்டும் தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டினேன். ஓயாமல் பேசுகிற மனிதர், "இன்னொரு தடவ போடுங்க," என்றார், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிறவர் மாதிரி.

நடுவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அப்பாவுக்கு ராத்திரி டூட்டி. பகல்ல தூங்குவார். வீட்டுல இருக்கறது ஒரே ரூம். நாங்க போர்வைக்குள்ள முனகி முனகித்தான் பாடிப் பழகினோம். உள்ள ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. அவ மூச்ச வெச்சுத்தான் ஆரம்பிச்சிருக்கோம் போல. எங்களுக்கே இப்பதான் தெரியுது."

தயாரிப்பாளரே எழுந்து போய்க் கதவைத் திறந்தார். "உள்ள வாம்மா. மூணு பேருமாப் பாடுங்க."

கடைக்குட்டி ஓடி வந்து என் முன்னால் நின்றாள். முகத்தில் அப்படி ஒரு கெஞ்சல்.

"அண்ணா, இந்தத் தடவ மூச்சு சத்தமே கேக்காது. வெளிய உக்காந்து அதத்தான் பழகிக்கிட்டு இருந்தேன்."

அவளுடைய மைக்கை அவள் வாய்க்கு இன்னும் கிட்டே நகர்த்தி வைத்தேன்.