உள்சக்கரம்

அரும்பாவூரில் வாங்கியதால் அந்தப் பெட்டைக் குதிரைக்கு அரும்பாவூராள் என்றே பெயர். ஐந்து வருடம் எந்தக் குதிரைவண்டிப் பந்தயத்திலும் அவளை முந்திய குதிரை இல்லை. வண்டி ஓட்டியது என் தம்பி வைரக்கண்ணு. பின்னால் நின்றவன் நான். எல்கையில் வைத்திருக்கும் தார் பீப்பாயைச் சுற்றித் திரும்பும்போது உள்சக்கரம் மண்ணைவிட்டு எழும்பும். பின்னால் நிற்பவன் அந்தப் பக்கம் சாய்ந்து, தன் கனத்தால் அதை அமுக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

2001 தை மாதம், வாலிகண்டபுரத்துப் பந்தயத்தில் சக்கரம் வழக்கத்தைவிட உயரமாக எழும்பியது. நான் குதித்துவிட்டேன். வண்டி தம்பியின் மேல் கவிழ்ந்தது.

வண்டி என்னைத் தூக்கி எறிந்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன். அவன் மனைவி ரத்தினம்மாளிடமும் அதையே சொன்னேன். அந்தப் புழுதியில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அரும்பாவூராள் மட்டும் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் நான் ஏறினால் அவள் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டாள். அவளுக்கு வலி என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த வருடக் கடைசியில் ஓர் ஆண்குட்டி போட்டாள். மூன்று வருடம் கழித்துச் செத்துப்போனாள்.

குட்டியையும் பந்தயத்துக்கு விட வேண்டும் என்றாள் ரத்தினம்மாள். 2005இல் முதன்முதலாக வண்டியில் பூட்டினோம். பக்கத்து வீட்டு அரியமுத்து கயிற்றைப் பிடித்தான். நான் பின்னால் ஏறினேன். குட்டி நகரவில்லை.

"ஒங்க கனம் தாங்கலயாம்ண்ணே. ராத்திரி சோத்தக் கொறைங்க," என்றான் அரியமுத்து.

இறங்கினேன். போனது. மறுபடி ஏறினேன். நின்று, கழுத்தைத் திருப்பி, தாய் பார்த்த அதே பார்வை பார்த்தது.

ரத்தினம்மாள் கொள்ளு வாளியைக் கீழே வைத்தாள்.

"அவரு செத்தப்ப இது பொறக்கவே இல்லயே மாமா. இதுக்கு ஒங்களப் பத்தி என்ன தெரியும்?"

குதிரை பார்வையை எடுக்கவில்லை.

"வண்டி என்னத் தூக்கி எறியல ரத்தினம். நானாத்தான் குதிச்சேன்."

அவள் அழவில்லை. குதிரையின் நெற்றியில் கை வைத்தாள். பிறகு அரியமுத்துவிடம் சொன்னாள்: "பின்னாடி இனிமே யாரையும் ஏத்தாத."

என்னோடு அவள் பேசிய கடைசி நாள் அது.

பின்னால் ஆளில்லாமல் திரும்பினால் கவிழும் என்று ஊரே சொன்னது. கவிழவில்லை. இந்தப் பொங்கலோடு ஒன்பது பந்தயம் ஜெயித்துவிட்டது. திரும்பும்போது வண்டி கனப்பதாக அரியமுத்து சொல்கிறான். அவன் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லையாம்.

நான் பந்தயத்துக்குப் போவதில்லை. மறுநாள் விடிந்ததும் எல்கைக்குப் போய், பனி ஈரம் காயாத கரிசல் மண்ணில் குனிந்து பார்ப்பேன். மற்ற வண்டிகளின் உள்சக்கரத் தடம் பீப்பாய்க்கு அருகே அறுந்து, பிறகு தொடங்கும். எங்கள் வண்டியின் தடம் மட்டும் அறுவதே இல்லை. திருப்பத்தில் நான்கு விரல் ஆழம் இறங்கியிருக்கும்.

என் கனத்துக்கு அவ்வளவு இறங்காது. தம்பி என்னைவிடப் பருமன்.